சமையலறை அலைவரிசை

குழந்தை அழுவது மூடிய கதவைத் தாண்டிச் சமையலறை வரை கேட்டது. அதைக் கேட்பதற்கென்றே வாங்கிவந்த பெட்டியில் மட்டும் கேட்கவில்லை.

"என்னங்க, இது செத்துப்போச்சா?"

"சாகறதுக்கு அதென்ன கோழியா? ரேடியோ சிக்னல்ம்மா. செட் ஆக நேரம் எடுக்கும்," என்றான் கணவன்.

அலுவலகத்தில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேசவைப்பவன் அவன். தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேச மட்டும் வாய் வராது.

அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வேண்டும். திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டால்தான் முடியும். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வாங்கிய பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டவா படித்தாள்?

பெட்டிகள் இரண்டும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி. தொட்டிலருகே இருப்பது சத்தத்தை அனுப்பும், சமையல் மேடையில் இருப்பது வாங்கும் என்று சொல்லி அவன்தான் வைத்தான். கூட வந்த விளக்கத் தாளைப் பிரிக்கவேயில்லை. நெட்வொர்க் படித்தவனுக்கே பாடமா?

ஒருவழியாகக் குழந்தை தூங்கியது. தொட்டிலை ஒட்டி மாமியாரும் கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னிக்காவது அத்தைகிட்ட கேளுங்க."

"கேக்கறேன். மூடு பார்த்து..."

"உங்கம்மாவுக்கு மூடு வர்றதுக்குள்ள பிள்ளைக்கு மீசை வந்துடும்!"

உள்ளே வீல் என்று அழுகை. மேடைப் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கியது.

"நாம பேசினா இது எதுக்கு மினுக்குது?"

"இன்டர்ஃபியரன்ஸ். நம்ம வைஃபை குறுக்க பூந்து குழப்புது."

வைஃபையை அணைத்தான். மினுக்கல் நிற்கவில்லை. இரண்டு பெட்டியிலும் சேனலை மாற்றினான். அப்படியும் மேடைப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உள்ளே ஓடி, தொட்டிலருகே இருந்த பெட்டியின் திருகை முட்டும் வரை திருகிவிட்டு வந்தான்.

"பவரைக் கூட்டிட்டேன். இனி எறும்பு ஊர்ந்தாக்கூட கேக்கும்."

எறும்பு ஊரவில்லை. அவளுக்குப் பொறுமைதான் தீர்ந்தது.

"கூட்ட வேண்டியது உங்க தைரியத்தை! உங்கம்மா நாள் பூரா டிவி முன்னாடி உட்காரலாம், பிள்ளையைத் தூக்கச் சொன்னா மட்டும் முட்டி வலி. நீங்க சம்பாதிச்சா வேலை, நான் சம்பாதிச்சா பொழுதுபோக்கா? ஊருக்கெல்லாம் சிக்னல் குடுக்கறீங்க, அம்மா முன்னாடி நின்னா மட்டும் உங்க சிக்னலே போயிடுது!"

காதருகே வெடி வைத்தது போல் குழந்தை அலறியது.

"பாருங்க, நான் வாயைத் திறந்தாலே அழுது! எனக்கும் அதுக்கும் என்ன ஜென்மப் பகையா?"

"தற்செயல்ம்மா. அதுக்கும் இதுக்கும் கனெக்‌ஷனே இல்ல."

படுக்கையறைக் கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையும் கையில் பெட்டியுமாக மாமியார் நடந்து வந்தார். மேடையை நெருங்க நெருங்க அவர் கையிலிருந்த பெட்டி ஊவென்று ஊளையிட்டது. அவன் காதைப் பொத்திக்கொண்டான். மாமியார் நிதானமாகத் திருகைக் குறைத்துவிட்டு மருமகளைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை தாராளமா வேலைக்குப் போம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன். முட்டி வலி நிஜம்தான். ஆனா என்னைத் திட்டறப்போ கொஞ்சம் மெதுவாத் திட்டு, இதுல சத்தமாக் கேக்குதா, பிள்ளை பயந்து முழிச்சுக்குது."