ஒரே உடம்புக்கு மூன்று குழாய்

பட்டறையில் எல்லோரும் அவளை ஊசி அக்கா என்றுதான் அழைத்தார்கள். இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் வீங்கிப்போனவர்களுக்கு, அதற்குள் வைக்கும் ஸ்டென்ட்டைத் தைப்பது அவள் வேலை. துணிக்குழாயில் உலோக வளையங்களைப் பொருத்தி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் தைப்பாள். இந்த முறை ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு. ஈரலுக்கு ஒன்று, குடலுக்கு ஒன்று, சிறுநீரகங்களுக்கு இரண்டு என நாலு கிளைகள். அவருடைய ஸ்கேன் அளவுக்கே தைத்தது, வேறு யாருக்கும் பொருந்தாது. வீக்கம் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வாரத்தில் முடித்து, அனுமதி அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தர அதிகாரி அதைப் பயபக்தியோடு பார்த்தார்.

"அருமை. மத்த ரெண்டு எங்க?"

"எந்த ரெண்டு சார்?"

"விதிப்படி மூணு மாதிரி வேணும். ஒண்ணை வெட்டிச் சோதிப்போம். ஒண்ணு கோப்புக்கு. ஒண்ணு உபயோகத்துக்கு."

"அந்த மனுஷனுக்கு இருக்கறதே ஒரு ரத்தக்குழாய்தானே சார்?"

"அது அவரோட சௌகரியம்."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஆறு வாரம் தைத்தாள். அதிகாரி ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, 'மேலான தரம்' என்று சான்றளித்தார். இன்னொன்று அரக்கு முத்திரையோடு அலமாரிக்குள் போனது. மிச்சமிருந்ததை எடுக்க அக்கா கையை நீட்டினாள்.

"தொடாதீங்க! சோதிக்காததை எப்படி ஒரு உயிருக்குள்ள வைக்கிறது?"

"அப்போ சோதிச்சதையாவது குடுங்க."

"அதைத்தான் வெட்டியாச்சே!"

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாள் நடையாய் நடந்தாள். கடைசியில் அதிகாரியே மனமிரங்கி வழி சொன்னார். மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றன என்று தைத்தவளே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"இதை முதல் நாளே எழுதிக் குடுத்திருப்பேனே சார்!"

"முதல் நாள் இருந்தது ஒண்ணு. அது எதைப் போல இருக்கும்?"

அனுமதியோடு பட்டறைக்குத் திரும்பிய அக்கா, அந்த அலுவலகத்தின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள். அவள் வாய் ஓய்வதற்குள் டிரைவரின் மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, அப்பாவுக்கு வலி தாங்கல. ஆபரேஷன் மேசையில ஏத்திட்டாங்க. சீக்கிரம் குடுங்க!"

அக்கா ஸ்டென்ட் இருந்த பெட்டியை எடுத்தாள். பழகிய கை, கூடவே டெலிவரி நோட்டையும் எடுத்தது.

"யாருக்குத் தெச்சமோ அவங்களே கையெழுத்துப் போடணுமேம்மா."

"மயக்க மருந்து குடுத்தாச்சுக்கா!"

அலைந்து அலைந்து நொந்தவள் அல்லவா, அக்காவின் மனம் இளகியது.

"சரி, பாவம். பெருவிரல் ரேகை போதும். நோட்டைக் கொண்டுபோய் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் பெட்டி என்கிட்ட பத்திரமா இருக்கும்."