மோட்டார் வண்டி போகாத ஞாயிற்றுக்கிழமை

மோன்பெரூ,
செவ்வாய்க்கிழமை, மாலை.

மரியாதைக்குரிய மச்சான் ரெஜிஸ் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் ஃபிர்மின் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கிளெர்மோனில் தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நல்ல பசியோடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டுகிறேன். இங்கே பசிக்குக் குறைவில்லை, தூக்கம்தான் போய்விட்டது. தங்கள் தங்கை சொலான்ஷ் நலமாக இருக்கிறாள். சமையலறையில் பாடிக்கொண்டே வேலை செய்கிற அளவுக்கு நலமாக இருக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மார்ச் தேர்தலில் நான் மறுபடி மேயர் பதவிக்கு நிற்கப் போவதில்லை. இதைச் சொலான்ஷிடம் தாங்கள்தான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். மார்ச் விருந்துக்கென்று இப்போதே இரண்டு வாத்துகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். மேயர் மனைவி என்று சந்தையில் நாலு பேர் வழிவிடுவதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். நானே சொல்லலாமே என்பீர்கள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இந்த மாதிரிச் செய்தியை அவளிடம் நேருக்கு நேர் சொல்லி நான் தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை.

இதற்கெல்லாம் மூல காரணம் தாங்கள்தான் என்பதையும் பணிவுடன் சொல்லிவிடுகிறேன். போன வருஷக் கோடையில் இங்கே வந்து, ஆற்றுப்பள்ளத்துச் சாலையில் என்னோடு சைக்கிளில் ஏறும்போது, பின்னால் வந்த ஒரு வண்டி தங்களை ஓரம் கட்டியது. அப்போது தாங்கள் சொன்னது என்ன? “எங்க பக்கத்துல ஒரு ஞாயித்துக்கிழமை மலைரோட்டையே மூடி சைக்கிளுக்குன்னு விட்டுடுறாங்க மாப்பிள்ளை. உங்க ஊர்ல மூடினாக்கூட மாட்டுக்குத்தான் மூடுவீங்க.” அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. குளிர்காலம் முழுக்க யோசித்தேன். ஊர் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று, செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலத்திலிருந்து நம் ஊர்ப் பெயர்ப்பலகை வரைக்கும் சாலை சைக்கிளுக்கு மட்டும் என்று அறிவித்தேன். வாத்துப் பண்ணை வைத்திருக்கிறாரே பூஸ்கே, என் துணை மேயர், நான் வெயில் அடிக்கிறது என்றால் குடையை எடுக்கிற மனிதர், அவர் உடனே ஆரம்பித்தார்.

“ஏம்ப்பா ஃபிர்மின், நம்ம ரோட்டுல வண்டி வந்தாலே மாடு தலைய தூக்கிப் பாக்குது. வராத வண்டிய எதுக்கு நிறுத்தணும்?”

“வராம இருக்கறது வேற, வரவே வராதுன்னு தெரிஞ்சு ஓட்டறது வேற. வளைவுல திரும்பறப்ப எதிர்ல ஒருத்தனும் இல்லேன்னு நிச்சயமாத் தெரியணும். அந்தச் சொகம் சைக்கிள் ஓட்டுறவனுக்குத்தான்யா தெரியும்.”

“ஏடாகூடமா ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணே ஒண்ணு தப்பாப் போனாலும் மார்ச்சுல நான் நிக்கல. போதுமா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். நல்ல வேளையாக அன்று சொலான்ஷ் கோவிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே மூச்சு விடமாட்டோம் என்று எனக்குச் சத்தியம் செய்தார்கள். உத்தரவை நானே எழுதினேன். விலக்கு என்று ஒரு வரி சேர்த்தால் ஆளாளுக்கு ஒரு விலக்கு கேட்டு வருவார்கள் என்று, “எந்த மோட்டார் வண்டியும், எக்காரணம் கொண்டும்” என்று கறாராகப் போட்டுக் கையெழுத்திட்டேன். மச்சான், அந்த ‘எக்காரணம் கொண்டும்’ இருக்கிறதே, அதை எழுதிய கையை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எப்படி இருந்தது என்று தாங்கள் பார்த்திருக்க வேண்டும். செஸ்ட்நட் மரங்களுக்கு நடுவே சாலை கழுவி விட்டது போலக் கிடந்தது. கீழே ஆறு ஓடுகிற சத்தம் மேல் வளைவு வரை கேட்டது. குடும்பம் குடும்பமாகச் சாலையின் முழு அகலத்துக்கும் பரவி, பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, சாவகாசமாகப் பேசிக்கொண்டே ஏறினார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் இல்லை. சைக்கிள் சட்டைக்கு மேலே மேயருக்கான மூவர்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு பாலத்தடியில் நின்ற எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் மணி பத்து வரைக்கும்கூடத் தாங்கவில்லை. வண்டியே இல்லாத சாலையில் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்டு சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் சைக்கிளைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு காரிலேயே வந்து சேர்ந்தார்கள். அத்தனை காரும் பாலத்தருகே நின்றன. பாலத்தில் ஒன்று, பாலத்துக்கு அப்பால் திராட்சைத் தோட்டம் வரைக்கும் மற்றவை. மோன்பெரூ கண்ட முதல் வாகன நெரிசல் என்று பூஸ்கே எல்லாருக்கும் அறிவித்தார். தடுப்புக் கட்டைக்குக் காவலாக நிற்கிறேன் என்று அவர் தானாகவே முன்வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அந்த நெரிசலுக்குள்ளிருந்து பாம் பாம் என்று ஒரு ஹாரன். ஜோசியானின் ரொட்டி வண்டி! நம் ஊரில் ரொட்டிக் கடை மூடிப் பல காலம் ஆகிறது, ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவள் வண்டிதான் கதி என்று தங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உத்தரவு எழுதும்போது மட்டும் தெரியவில்லை. கோழி வறுத்த தட்டில் மிச்சமிருக்கிற சாற்றை எதைக் கொண்டு வழிப்பது? சீஸை எதன்மேல் வைப்பது? ஒரு ஊர் முழுக்க மேலே மேஜை விரித்துக் காத்திருக்க, ரொட்டி கீழே மாட்டிக்கொண்டு நிற்கிறது.

“கட்டைய எடுங்க, மனுஷங்க சாப்பிட வேணாமா?” என்று ஜோசியான் கத்தினாள்.

“எந்த மோட்டார் வண்டியும்னு போட்டிருக்கும்மா. எக்காரணம் கொண்டும்னு வேற போட்டிருக்கு,” என்றார் பூஸ்கே, தேனாக. “கையெழுத்து மேயரோடது. மீற நான் யாரு?”

நான் உத்தரவை மாற்றுவதா, மாற்றினால் தப்பு நடந்ததாக ஒப்புக்கொண்டதாகுமா என்று விழித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து சொலான்ஷ் வந்து இறங்கினாள். கோவிலுக்குப் போட்ட நல்ல உடை, கூடை வைத்த அந்தக் காலத்துச் சைக்கிள். “ரொட்டி எங்க?” என்றாள். சொன்னோம். என்னையும் பார்த்தாள், பூஸ்கேயையும் பார்த்தாள், கட்டையையும் பார்த்தாள்.

“ரொட்டிக்கு மோட்டார் இருக்கா?”

“இல்ல,” என்றார் பூஸ்கே.

“அப்பப் போகலாம்ல?”

அவ்வளவுதான் மச்சான். மேலே போகிற ஒவ்வொரு சைக்கிள்காரனையும் நிறுத்தி, சட்டைக்குள் முதுகுப்பக்கம் இரண்டு நீள ரொட்டியைச் செருகி, “ஊர்ச் சதுக்கத்துல குடுத்துட்டுப் போப்பா” என்று தட்டி அனுப்பினாள். இரண்டு பெரிய உருண்டை ரொட்டியைத் தன் கூடையில் போட்டுக்கொண்டு ஏறினாள். நானும் முதுகில் ரொட்டியோடு பின்னால் ஏறினேன். கடைசி வளைவு தாண்டியதும் ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்தது. பலகையைக் கண்டால் சைக்கிள்காரனுக்கு என்ன ஆகும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போப்பாண்டவரோடு போனாலும் அந்த இடத்தில் அவரை முந்தத்தான் பார்ப்போம். எழுந்து நின்று மிதித்து அவளை முந்தினேன். மூவர்ணப் பட்டை நழுவிப் பின்சக்கரத்தில் சுற்றியது. ரொட்டி, பட்டை, நான் எல்லாம் சேர்ந்து காஞ்சொறிப் புதருக்குள் போய் விழுந்தோம். சொலான்ஷ் பக்கத்தில் வந்தாள். நிற்கவில்லை. “பலகையத் தொட்டுட்டு வந்து தூக்குறேன்!” என்று ஒரே மிதி. தொட்டுவிட்டு, ஒரு கையையும் உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் வந்தாள்.

சதுக்கத்தில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். ரொட்டியெல்லாம் வளைந்து, வெதுவெதுப்பாக, கொஞ்சம் ஈரமாகவும் வந்து சேர்ந்திருந்தது. “இது யாரு முதுகு?” என்று விசாரித்துத்தான் பெண்கள் வாங்கினார்கள். “அந்த நீலச் சட்ட போட்ட பையன் முதுகுல வந்தது இருந்தாக் குடு,” என்று கோவில் மணியடிக்கிற விதவை ஒருத்தி பச்சையாகவே கேட்டாள். என் முதுகில் வந்ததை யாரும் தொடவில்லை. ஆனாலும் மேஜைகளைத் தெருவிலேயே போட்டார்கள். வண்டி வராத தெரு, யார் எழுந்து வழிவிட வேண்டும்? வந்தவர்களையும் உட்காரவைத்துச் சாயங்காலம் வரை சாப்பாடும் பாட்டும்தான். நான் மட்டும் நிம்மதியாக உட்கார முடியாமல் நின்றேன், காஞ்சொறி காரணமாகவும், பூஸ்கே என்னைப் பார்த்துப் புன்னகைத்த காரணமாகவும்.

சொன்ன சொல் சொன்னதுதான். ஒன்றல்ல, எண்ண முடியாத அளவுக்குத் தப்பாகிவிட்டது. பூஸ்கே நல்ல மனிதர்தான், ஒப்புக்கொள்கிறேன். நேற்றும் இன்றும் தடிப்புக்குத் தடவ வாத்துக்கொழுப்பு கொண்டுவந்தார். என்னைக் கண்டதும் சமையலறையில் சொலான்ஷோடு பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார், என் மனம் நோகக் கூடாது என்று. பதவி போவதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்கத்தான் தெம்பில்லை. ஆகவே மச்சான், தாங்கள் மெதுவாக, அவள் சாப்பிட்டு முடித்த நேரமாகப் பார்த்து, விஷயத்தைக் காதில் போடவும்.

தங்கள் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பும் விசாரிப்புகளும். தங்கள் முழங்கால்கள் இன்னும் பல மலை ஏறட்டும், தங்கள் டயர்களில் முள் தைக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் பணிவுள்ள,
ஃபிர்மின்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் சொலான்ஷ் தங்களோடு ஃபோனில் பேசுவது கேட்டது. ஒட்டுக் கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது. “அண்ணா, மார்ச்சுல மேயருக்கு நான் நிக்கிறேன். பூஸ்கேயே வந்து கேட்டாரு, சரின்னுட்டேன். மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ரோட்ட மூடணும்னு ஊரே கேக்குது. இந்த மனுஷன்கிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒடைஞ்சு போயிருவாரு. நீ கொஞ்சம் பக்குவமாச் சொல்லேன்.” ஆகவே மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் ஃபோனில் சொல்லுங்கள். நான் முதலில் அதிர்வேன், பிறகு கொஞ்சம் கோபப்படுவேன், கடைசியில் பெரிய மனது பண்ணி அவளுக்காக விட்டுக்கொடுப்பேன். இந்தக் கடிதம் வந்து சேருமுன்பே தாங்கள் கூப்பிட்டிருந்தால், அப்போது நான் விசும்பியதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். அதில் முக்கால்வாசி நடிப்பு.