பெரியப்பாவுக்குப் பதில்

"பெரியப்பாவுக்கு மூச்சு நின்னுபோச்சுங்க. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

மனைவியின் போன். லிஃப்ட் மெக்கானிக் பதறவில்லை. பெரியப்பா என்பது நர்ஸிங் கல்லூரியின் பயிற்சி அறையில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மை. மனைவி அங்கே ஆசிரியை. பொம்மை மூச்சு விடும், இருமும், கண் சிமிட்டும் என்று அவள் சொன்னதிலிருந்து, அதன் நெஞ்சைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க அவருக்கு மூன்று வருடமாகக் கை அரித்தது.

தன் நெஞ்சை மட்டும் யாரும் தொடக்கூடாது. "ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாங்க" என்று மனைவி கேட்பதும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று அவர் நழுவுவதும் அதே மூன்று வருடமாக வீட்டில் வாடிக்கை.

"பத்து மணிக்குப் பரீட்சை. பொம்மை எழுந்துக்கலைன்னா மூணு பொண்ணுங்க ஃபெயிலுங்க!"

ஒன்பது மணிக்கு அவர் ஆஜர். கல்லூரி வராந்தாவில் ஈ காக்கா இல்லை.

"என்ன இவ்வளவு அமைதி?"

"பரீட்சை நாள். மெதுவா பேசுங்க" என்றாள் மனைவி.

பயிற்சி அறை நிஜ வார்டு மாதிரியே இருந்தது. கட்டில், ஆக்ஸிஜன் குழாய், எண்கள் ஓடும் திரை. ஒரு பக்கச் சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதன் பின்னால் உட்கார்ந்துதான் ஆசிரியை மாணவிகளைக் கவனிப்பாளாம், பொம்மைக்குக் குரல் கொடுப்பாளாம்.

"நீயா பெரியப்பா மாதிரி பேசுவே? எங்கே, ஒரு தடவை பேசு பார்ப்போம்."

"முதல்ல வேலையைப் பாருங்க."

நெஞ்சைத் திறந்தார். குட்டி மோட்டார், ரப்பர் குழாய்கள், நுரையீரலுக்கு இரண்டு பலூன். "அட, நம்ம லிஃப்ட் கதவு திறக்கிற மாதிரிதான்!" கழன்று கிடந்த ஒரு குழாயை மாட்டினார். பெரியப்பா மூச்சு விட்டார், வயிற்றால். தொப்பை உப்பிக்கொண்டே போனது. அவசரமாக ஒரு திருகைத் திருப்பினார். தொப்பை இறங்கியது, இருமல் ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் எதையோ அழுத்தினார். இருமல் நின்றது. கீழ்த் தாடை பல்வரிசையோடு அவர் கையில் வந்துவிட்டது.

மனைவி தாடையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷம் கொடு..."

"மணி ஒன்பதே முக்கால். இனிமே யாராவது ஆள்தான் படுக்கணும்."

"யாரு?"

"தாடையைக் கழட்டினது யாரு?"

தாடையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். நோயாளிச் சட்டையும் ஒரு அட்டையும் கைக்கு வந்தன. அட்டையில் எழுதியிருந்தது: வயது ஐம்பத்திரண்டு. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். வீட்டில் சொல்லமாட்டார்.

இரண்டு தடவை படித்தார். "இப்படியும் ஆளுங்க இருக்காங்களா?"

"நிறைய" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனாள்.

மூன்று மாணவிகள் வந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பெண் முன்னால் நின்றாள்.

"வணக்கம் ஐயா. நான் உங்க நர்ஸ். என்ன தொந்தரவு?"

"மாடி ஏறினா மூச்சு வாங்குது."

"எத்தனாவது மாடி?"

அட்டையில் அது இல்லை. தெரிந்ததைச் சொன்னார். "மூணாவது... இல்லம்மா, ரெண்டாவதுலேயே."

"வேற?"

"இடது தோள்ல ஒரு இறுக்கம். பெல்ட்டை ஒரு துளை சேர்த்துப் போட்ட மாதிரி."

"வீட்டுல சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? படியேறிப் போய் மோட்டாரைப் பார்க்கிறதுதான் என் பொழப்பு. சொன்னா மறுநாளே என்னை வீட்டுல உட்கார வெச்சிடுவா." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "எப்படி, நடிப்பு?"

"ரொம்ப இயல்பா இருக்கு ஐயா."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் முனகலாம் என்று தீர்மானித்தார்.

திரையின் கிளிப்பை விரலில் மாட்டிவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்று எழுபத்தெட்டு. பெண் புருவத்தைச் சுருக்கினாள்.

"நூத்து இருபதுன்னு எழுதிக்கோம்மா. மிஷின் கோளாறு. பொம்மை கெட்டுப்போன ரூம்தானே இது."

இரண்டாவது பெண் வேறு கருவி கொண்டுவந்தாள். நூற்று எண்பது. மூன்றாவது பெண் பந்தை அமுக்கிக் காற்றேற்றும் பழைய கருவியைக் கொண்டுவந்தாள். நூற்று எண்பத்திரண்டு.

"பார்த்தியா? ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகலை!"

"எல்லாமே மேலதான் ஐயா போகுது."

எப்படியாவது அதை இறக்கியாக வேண்டும். மூச்சை அடக்கிப் பார்த்தார். முகம் சிவந்தது, திரை கீச்சிட்டது, மூன்று பெண்களும் பாய்ந்து வந்தார்கள். ஒருத்தி கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், ஒருத்தி ஆக்ஸிஜன் வைத்தாள், மூக்குக்கண்ணாடிப் பெண் நெஞ்சில் ஒயர்களை ஒட்ட ஆரம்பித்தாள்.

வேறு சமயமாக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார். ஆனால் ஒயரைப் பார்த்ததும் ஆசை முந்திக்கொண்டது. "இந்தப் பச்சை எங்கே போகுது? இதுக்கு எர்த் உண்டா?" கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டே முழு நெஞ்சையும் காட்டிவிட்டார்.

ஈ.சி.ஜி. காகிதம் நீளமாக வெளியே வந்தது. எட்டிப் பார்த்தார்.

"இங்கே கோடு கீழே இறங்குதே. அது இறங்கணுமா?"

மூவரும் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அவருக்குத் தெரிந்த மௌனம். மீட்டர் முள் போகக்கூடாத இடத்துக்குப் போனால், லிஃப்டுக்குள் நிற்கிறவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று அவரும் இப்படித்தான் வாயை மூடிக்கொள்வார். ஒயரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

பரீட்சை எடுக்க வந்த டாக்டரம்மா உள்ளே நுழைந்து காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "இதைச் சரியா எடுத்தது யாரு? சபாஷ்." பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சார், இன்னைக்கே மாத்திரை ஆரம்பிக்கணும். நாளைக்குக் காலையில என்னை வந்து பாருங்க. அதுவரைக்கும் ஒரு படிகூட ஏறக்கூடாது."

"இதுவும் பரீட்சையிலே வருமா டாக்டர்?"

"நடிச்சு இந்தக் கோட்டைக் கொண்டுவர முடியாது சார். பயப்படாதீங்க. நேரத்துல தெரிஞ்சிடுச்சு, சரி பண்ணிடலாம்."

மெக்கானிக் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாங்களும் கம்பி அறுந்தப்புறம் மாத்தறதில்லை டாக்டர். தேயும்போதே மாத்திடுவோம்" என்றார். "வர்றேன்."

சட்டையை மாற்றிக்கொண்டு, மருந்துச்சீட்டை எட்டாக மடித்துப் பைக்குள் திணித்தார். கறுப்புக் கண்ணாடி அவருக்கு மறந்தே போயிருந்தது. மனைவியிடம் எப்படி ஆரம்பிப்பது? கல்லு என்று மார்தட்டிய வாயால் என்ன சொல்வது? போகட்டும், தான் படுத்ததால் மூன்று பெண்கள் தேறினார்கள். அந்தப் பெருமையை முதலில் சொல்லிவிட்டு, சீட்டைப் பிறகு மெதுவாக நீட்டலாம்.

வராந்தாவில் வாட்ச்மேன் ஒவ்வொரு வகுப்பறைக் கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, இந்தப் பரீட்சைக்கு ரிசல்ட் எப்ப வரும்?" என்று மெக்கானிக் கேட்டார்.

வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பரீட்சையெல்லாம் போன வாரமே முடிஞ்சு காலேஜுக்கு லீவு விட்டாச்சே சார்! யாரோ ஒருத்தர் டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கிறாராம், அவருக்காகத்தான் உங்க வீட்டம்மா அந்த மூணு பொண்ணுங்களையும் டாக்டரம்மாவையும் கெஞ்சிக் கூத்தாடி இன்னைக்கு வரவெச்சிருக்காங்க."