நிஷிவாகி மழைக்கு ஒதுங்கிய கடை

மழை பிடித்துக்கொண்டபோது நிஷிவாகியிடம் குடை இல்லை. ஒசாகாவின் அந்தக் குறுகிய சந்தில், ஷட்டர் பாதி இறங்கியிருந்த ஒரு கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கினார். மேலே பலகையில் எழுத்தெல்லாம் அழிந்துபோய், ஆவி பறக்கும் கிண்ணத்தின் படம் மட்டும் மிச்சமிருந்தது.

அவருக்கோ தலைபோகிற அவசரம். மகள் சினாட்சுவைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் அப்பா குசுமி, கியோட்டோவிலிருந்து மனைவியோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறார். கடைத்தெருவில் கானாங்கெளுத்தி சுஷி வாங்கி வரச்சொல்லி நிஷிவாகியை அவர் மனைவி ஃபுசாயே விரட்டியிருந்தாள்.

"பார்த்து வாங்குங்க. ஒசாகாக்காரங்களுக்கு வயிறு உண்டு, நாக்குதான் கிடையாதுன்னு போன தடவையே சிரிச்சுக்கிட்டே குத்திட்டுப் போன மனுஷன் அவரு."

மழை விட்டதும் ஓடலாம் என்று நின்றவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி வந்து, ஓரடி இடம் விட்டு, மரியாதையாக நின்றாள்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"ஒரு பத்து நிமிஷமா."

"பத்து நிமிஷமாவா!" அவள் தோள்பையை இறக்கிவைத்து வசதியாக நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு டாக்சி டிரைவர். நிஷிவாகி திரும்பிப் பார்ப்பதற்குள் வரிசை சந்து முனையைத் தாண்டிவிட்டது.

நழுவப் பார்த்தார். "அம்மா, நீங்க முன்னாடி வாங்க. நான் கிளம்பறேன்."

"ஐயோ, அதெப்படி! எங்களுக்காக நீங்க விட்டுக்கொடுக்கறதாவது!" அவள் குனிந்து வணங்கினாள். பின்னாலிருந்த அத்தனை பேரும் குனிந்தார்கள். இவ்வளவு தலைகள் குனிந்த பிறகு ஒரு மனிதன் எப்படி நகர்வது? நிஷிவாகியும் குனிந்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.

உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று துணிந்தார். "நிஜமா சொல்றேன், இது என்ன கடைன்னே எனக்குத் தெரியாது."

அவள் பின்னால் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. பல வருஷ வாடிக்கை போல. ஊருக்குத் தெரிஞ்சா கூட்டம் வந்துடுமேன்னு பயம்."

வரிசை பூரிப்போடு பெருமூச்சு விட்டது. இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள்.

கைபேசி அடித்தது. ஃபுசாயே.

"எங்கங்க இருக்கீங்க? அவங்க ஸ்டேஷன்ல இறங்கியாச்சு! சுஷி வாங்கினீங்களா?"

"இல்லை. ஒரு வரிசையில மாட்டிக்கிட்டேன்."

"என்ன வரிசை?"

"தெரியல."

"எத்தனை பேரு?"

"நாப்பது இருக்கும். நான்தான் முதல் ஆளு."

மறுமுனையில் மூச்சு நின்று வந்தது. "முதல் ஆளா? காலை நகத்தாதீங்க! அவங்களை நேரா அங்கேயே கூட்டிட்டு வரேன்."

வந்தார்கள். குசுமி வரிசையை ஏற இறங்கப் பார்த்தார். "அடடே, ஒசாகாவுலயும் பொறுமையான ஜனங்க இருக்காங்களே," என்று தேன் தடவிச் சொல்லிவிட்டு, கோட்டை நீவிக்கொண்டு நிஷிவாகியின் பக்கத்தில் வந்து நின்றார்.

ஷட்டர் உயர்ந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு வாட்டசாட்டமான ஆள் எட்டிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நாற்பது தலைகள் ஒன்றாகக் குனிந்தன. அவன் வாயை மூடிக்கொண்டு, தானும் குனிந்துவிட்டு உள்ளே போனான். பாத்திரம் உருளும் சத்தமும், பிறகு தண்ணீர் கொதிக்கும் சத்தமும் கேட்டன.

"உள்ள... வாங்க," என்றான் கடைசியில்.

குசுமி உட்கார்ந்ததும் கேட்டார். "என்னென்ன இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க இருக்கு." அவன் வியர்வையைத் துடைத்தான்.

"ஒரே பண்டம்!" கல்லூரிப் பெண்கள் சிலிர்த்துப்போனார்கள்.

உடோன் வந்தது. கொழுத்த வெள்ளை நூடுல்ஸ், மேலே பொரித்த டோஃபு ஒன்று. குசுமி கண்ணை மூடிக்கொண்டு சூப்பைச் சத்தமாக உறிஞ்சினார். கடையே அவர் முகத்தைப் பார்த்தது.

"வடக்குக் கடல் பாசி. ராத்திரி பூரா ஊறியிருக்கு. அதுக்கு மேல சூரைக் கருவாட்டுச் சீவல். டோக்கியோக்காரங்க மாதிரி சோயாவைக் கொட்டிக் கறுப்பாக்கல." கண்ணைத் திறந்தார். "இது மூணு தலைமுறைக் கை."

டாக்சி டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிஷிவாகியும் உறிஞ்சினார். ஃபுசாயே இல்லாத நாட்களில் தானே வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பாக்கெட் உடோன் போலத்தான் இருந்தது. தன் நாக்கைத் தானே நொந்துகொண்டு, "பிரமாதம்!" என்றார்.

குசுமி கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு எழுந்து, முதல்முறையாக ஆழமாகக் குனிந்தார். "சம்பந்தி, உங்களைத் தப்பா நினைச்சிட்டேன். இந்த மாதிரி நாக்கு இருக்கற குடும்பத்துல பொண்ணு எடுக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்."

ஃபுசாயே கணவனைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. நிஷிவாகிக்கு நெஞ்சு விரிந்தது. அடுப்படிப் பக்கம் போய், அந்த ஆளின் தோளைத் தட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வழக்கம்போல அருமைப்பா! உங்க அப்பாவோட கைமணம் அப்படியே இருக்கு."

அவன் அவர் காதருகே குனிந்தான்.

"மெதுவாப் பேசுங்கய்யா, கடைக்காரர் போன வாரமே இழுத்து மூடிட்டுப் போயிட்டாரு, நான் அவரோட பழைய ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டுப் போக வந்தவன், அதுக்குள்ள கிடந்ததைத்தான் சுட வச்சுக் கொடுத்தேன்."