எஃப்.சி. டயர்

மரியசூசைக்கு முதலில் துரோகம் செய்தவன் அவர் மச்சினன் டோமினிக். பொண்டாட்டியோடு கூடப் பிறந்தவன் என்பதால் அதைத் துரோகம் என்று வீட்டில் சொல்லக்கூடாது. "ஏதோ வித்துட்டான்" என்றுதான் சொல்லவேண்டும்.

விற்றது ஒரு பழைய வேன். வண்டி கல்லு மாதிரி இருக்கு மாமா என்று சொல்லி விற்றான். அதில் பொய்யில்லை. கல்லு மாதிரிதான் நின்றது. கிளப்புவதற்குத் தெருவே வந்து தள்ளவேண்டும். ஒரு ஹெட்லைட் ரோட்டைப் பார்த்தது, இன்னொன்று புளியமரத்து உச்சியைப் பார்த்தது. ஹாரன் இருமியது. டயர் மரியசூசையின் வழுக்கைத் தலையோடு போட்டி போட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கைக்கு நல்ல பயிற்சி, வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவர் எடுத்து வைக்க, டோமினிக் கறியை மென்றபடியே பந்தயம் கட்டினான். வண்டி ஓட லாயக்கா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்க்கும் எஃப்.சி.யில் பெயிலானால், மாதா திருவிழா விருந்தில் சொந்தக்காரர்கள் முன்னால் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வான். பாஸானால் மாமா மன்னிப்புக் கேட்கவேண்டும்.

மரியசூசை அன்றைக்கே முடிவெடுத்தார். எஃப்.சி. முடியும்வரை வண்டியில் ஒரு நட்டைக்கூடத் திருகுவதில்லை. மனைவி லீலா மேரி இதற்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

எஃப்.சி.க்கு முந்தின நாள் காலையில் அவள், "ஏலாக்குறிச்சிக்குப் போயி அடைக்கல மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வாங்க. வண்டிய எடுக்காதீங்க, நாளைக்கு அது ஊர் போய்ச் சேரணும். பஸ்ஸுல போங்க" என்றாள்.

அவருக்கும் மாதாவிடம் சொல்லவேண்டியது இருந்தது. பஸ் மாறி மாறிப் போய், கடையில் இருந்ததிலேயே பெரிய மெழுகுவத்தியாக வாங்கி ஏற்றினார். வண்டி எப்படியாவது பெயிலாக வேண்டும் தாயே என்று முழங்காலில் நின்று வேண்டிக்கொண்டார். திரும்பி வந்தபோது வேன் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. பனி பெய்கிறதாம்.

மறுநாள் தெரு வந்து தள்ளாமலே வண்டி கிளம்பியது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. ஜெயங்கொண்டம் தாண்டியதும் ஒரு ஆடு குறுக்கே வந்தது. வழக்கம்போல ஆட்டை நம்பி பிரேக்கை மிதித்தார். வண்டி கப்பென்று நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லீலா மேரியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடி, பிரேக்கு புடிக்குது?"

"புடிச்சாத்தானங்க அதுக்குப் பேரு பிரேக்கு."

அரியலூர் ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் விளக்கைப் போடச் சொன்னார். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தன. ஹாரனை அழுத்தச் சொன்னார். பக்கத்தில் நின்ற சிமெண்டு லாரி டிரைவர் காதைப் பொத்திக்கொண்டார். மரியசூசைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சார், ஹேண்ட்பிரேக்கு நிக்காது சார். மேட்டுல ஏத்திப் பாருங்க."

ஏற்றினார்கள். நின்றது.

வைப்பர் ஆடாது என்றார், ஆடியது. அடியில் துரு இருக்கும், குனிந்து பாருங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பெரியவரே, இது யாரு வண்டி?"

"என் வண்டிதான் சார்."

இன்ஸ்பெக்டர் லீலா மேரியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கொஞ்ச நாளாவே இப்படித்தாங்க சார் என்று மெதுவாகச் சொன்னாள். வண்டி பாஸ். மரியசூசையைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் டோமினிக்கின் வேன் நின்றது. இதே ரகம், புதுசு. செங்கல் மேல் நின்றது. டயர் இல்லை, பேட்டரி இல்லை, ஹெட்லைட் இருந்த இடத்தில் இரண்டு குழி. பக்கத்தில் மெக்கானிக் பாவாடை ஜாக்கியோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நேற்று அவர் மெழுகுவத்தி ஏற்றிய நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"அநியாயம்டி. அவன் வண்டி சாமான மாட்டி என் வண்டிய பாஸ் பண்றதா?"

"உங்க முந்தின வேனு வருஷா வருஷம் யாரு டயருல எஃப்.சி. வாங்குச்சு? எந்தம்பி டயருலதான? நீங்க இரவல் வாங்கினா அது தொழிலு, அவனாக் குடுத்தா அநியாயமா?"

மரியசூசை போய் முகம் கழுவினார். பாவாடை ஒவ்வொரு சாமானாகக் கழற்றி அதனதன் வண்டியில் மாட்டினான். ஹெட்லைட் மறுபடியும் புளியமரத்து உச்சியைப் பார்த்தது.

திருவிழா விருந்தில் எல்லாரும் சோற்றில் கையை வைக்கும் நேரம் பார்த்து அவரை மன்னிப்புக் கேட்க எழுப்பிவிட்டார்கள். கேட்டார். மனசுல வச்சுக்காதீங்க மாமா என்று டோமினிக் பெருந்தன்மையாக ஒரு எலும்பை எடுத்து அவர் இலையில் வைத்தான்.

அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. மேட்டில் நிறுத்தியிருந்த அவருடைய வேன் தானாக உருண்டு போய் டோமினிக்கின் புது வேனில் மோதி, ஹெட்லைட்டை நொறுக்கியிருந்தது. மரியசூசை எச்சில் கையோடு ஓடினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் பாத்துக்குங்க. நான் ஹேண்ட்பிரேக்க இழுத்துவுட்டுத்தான் எறங்குனேன். நிக்கல பாருங்க."

லீலா மேரி கையைக் கழுவிக்கொண்டு நிதானமாக வந்தாள்.

"எஃப்.சி. வாங்குன வண்டிங்க. நீங்க சொல்லித்தான ஆபீசரே மேட்டுல ஏத்திப் பாத்தாரு? அன்னிக்கி நின்னுச்சுல்ல? நீங்கதான் பிரேக்கு போட மறந்திருக்கீங்க. வயசாவுதுல்ல. தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மரியசூசை இரண்டாவது மன்னிப்பையும் கேட்டார். டோமினிக் கேட்கவேண்டியது மட்டும் இன்னும் பாக்கி.