போல்ட்டுக்கு ஒரு அர்ச்சனை

சனிக்கிழமை எனக்கு ஒரே வேலைதான். கார் எஞ்சின்ல கனெக்டிங் ராட் போல்ட் மாத்தணும்.

பிஸ்டனோட சேர்ந்து ஓடுற ராட்டை இறுக்கிப் பிடிக்கிறது இந்த போல்ட்டுங்கதான். சுண்டுவிரல் அளவு. ஓடுறப்ப ஒண்ணு அறுந்தாலும் எஞ்சின் குப்பைக்குத்தான். மறுநாள் காலையில மலையேறுற கார்ப் பந்தயம். டர்போ வேற போட்டாச்சு, பழைய போல்ட் தாங்காது. ஜப்பான்ல இருந்து புதுசு வர்ற வரைக்கும் தூங்காம கெடந்தேன்.

நேரா கட்டுகஸ்தோட்டை கராஜுக்குப் போயிருக்கலாம். போனேனா? புது வண்டிக்குப் பூசை போடுறோம், புது போல்ட்டுக்குப் போட்டா என்னன்னு கண்டி டவுன்ல கோயிலுக்குப் போனேன்.

ஐயர் போல்ட் பெட்டியைப் பார்த்தாரு. "யார் பேருக்கு அர்ச்சனை?"

"காருக்கு."

"நட்சத்திரம்?"

பின்னால தட்டோட நின்ன அக்கா, "வாங்குன நாளைப் பார்த்துச் சொல்லுங்க தம்பி"ன்னாங்க. அது யாருக்கு ஞாபகம்? என் நட்சத்திரத்தையே சொல்லிட்டேன். ஐயர் ஒவ்வொரு போல்ட்டுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம்னு குறையில்லாம செஞ்சாரு. மனசு நெறைஞ்சு போச்சு.

கராஜ்ல மெக்கானிக் ரிஸ்வான் நானா எஞ்சினைப் பிரிச்சு வச்சுட்டு இருந்தாரு. பெட்டியைத் திறந்தவரு அப்படியே மூடிட்டாரு.

"தம்பி, தூசி பட்டாலே இறுக்கம் பிழைச்சுப் போகும், சரியா பிடிக்காது. நீங்க சந்தனமே பூசிட்டு வந்திருக்கீங்க."

"சாமி கும்பிட்டேன் நானா."

"நல்லா கும்பிடுங்க. அதை ஏன் போல்ட்டு மரையில பூசுறீங்க?"

பெட்ரோலும் பழைய டூத் பிரஷ்ஷுமா உக்காந்தேன். விபூதி சுலபமா போச்சு. சந்தனம் இருக்கே, அது உசுரை வாங்கிருச்சு. எல்லாத்தையும் கழுவித் துடைச்சுப் பார்த்தா ஒண்ணு குறையுது.

"அந்த ஒண்ணுக்குப் பழசைப் போட்டா என்ன நானா?"

"போடலாம். நாளைக்கு நீங்க மலை ஏறுவீங்க, எஞ்சின் பாதி ரோட்டுலயே நிக்கும்."

ஐயருக்கு போன் போட்டேன். "உங்க பின்னால நின்ன அம்மாவுக்குப் பூ அள்ளிக் குடுத்தேன். அதோட போயிருக்குமோ? வீடு திகன பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலதான்."

திகனக்குப் பறந்தேன். கார் பிரிஞ்சு கெடக்கே, அதனால பஸ்ல.

அக்கா வீட்டுச் சாமி படத்துக்கு முன்னாடி என் போல்ட். மல்லிகைப் பூ வச்சு, விளக்கு ஏத்தியிருக்காங்க.

"அக்கா, அது என் காரோடது."

"சாமி குடுத்தது தம்பி. மகளுக்கு ஒரு வரனும் அமையலன்னு அழுதுட்டு வந்தேன். பூவைப் பிரிச்சா இது இருக்கு. இதை வச்சுக் கும்பிட்டு எழுந்திருக்கேன், நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றோம்னு போன் வருது."

பந்தயத்தைச் சொன்னேன், டர்போவைச் சொன்னேன், ஜப்பானைச் சொன்னேன். எனக்கே அழுகை வந்துருச்சு. அதைப் பார்த்து அக்கா கொஞ்சம் எறங்கி வந்தாங்க.

"சரி தம்பி, அழாதீங்க. அவங்க வந்துட்டுப் போகட்டும். நாளைக்குச் சாயங்காலம் கட்டாயம் தர்றேன்."

ஞாயித்துக்கிழமை பந்தயம் நல்லா நடந்துச்சாம். நான் போல்ட்டு மேல ஒரு கண்ணு வச்சுக்கிட்டு, திகனயில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காரக் கதிரை போட்டுட்டு இருந்தேன்.

அவங்களுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சிருச்சு, அதனால தாலி கட்டுற வரைக்கும் போல்ட்டைக் கேட்டு வர வேணாம்னுட்டாங்க அக்கா.