டெஸ்டர் மீசை

"பாப்பாவோட தாத்தாவா சார்?" என்று மகளின் டீச்சர் கேட்டதும், லிஃப்ட் மெக்கானிக்கின் மனசு கம்பி அறுந்த லிஃப்ட் மாதிரி அடித்தளத்தில் போய் விழுந்தது. பக்கத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அதைவிடக் கொடுமை. எல்லாம் மீசையில் வந்த நரை செய்த வேலை. டை அடிக்கலாம் என்றால், அந்த வாசனையே வீட்டில் காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும், கரன்ட் வருகிறதா என்று பார்க்க. அவர் பராமரிக்கும் பெரிய கடையில், லிஃப்டுக்கு நேர் எதிரே, வேறு ஜாதி டெஸ்டர்கள் இருந்தன. லிப்ஸ்டிக், பவுடர், கண்ணிமைக்குப் பூசும் மஸ்காரா. வாங்க வருகிறவர்கள் பூசிப் பார்ப்பதற்கு. ஒருநாள் கடை திறக்கும் முன் லிஃப்டைப் பார்க்கப் போனவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மஸ்காரா பிரஷ்ஷால் மீசையில் இரண்டு இழுப்பு இழுத்தார். கண்ணாடியில் மாப்பிள்ளை தெரிந்தார். அன்றிலிருந்து தினமும் அந்த டெஸ்டரின் முதல் போணி மீசைதான்.

ஊரில் பாதிப் பெண்களின் இமையைத் தடவிய பிரஷ் அது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மீசைக்கடியில் அரித்தது. பிறகு சிவந்தது. பிறகு கொப்புளம் கிளம்பி வீங்கி, மேல் உதடு மூக்கோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டது.

"என்னங்க இது?"

"கிரீஸ் பட்டுடுச்சு. தானா சரியாயிடும்."

"கிரீஸா? அடப் பாவமே!" என்று மனைவி அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அவர் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"இவருக்கு கிரீஸ் ஒத்துக்கல டாக்டர். இனிமே லிஃப்ட் பக்கமே போகக்கூடாதுன்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ்ல உக்கார்ற வேலைக்கு மாத்திடுவாங்க."

"ஐயையோ, அதெல்லாம் வேணாம்!"

"சும்மா இருங்க. உடம்பு முக்கியமா, லிஃப்ட் முக்கியமா?"

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். மெக்கானிக்கின் கண்ணெதிரே ஒரு மேஜையும் சாயங்காலம் வரை நகராத ஒரு நாற்காலியும் வந்து நின்றன. மோட்டார் இரைச்சல் இல்லாவிட்டால் அவருக்குச் சோறே இறங்காது.

"எழுதாதீங்க டாக்டர்! கிரீஸ் இல்ல... மை."

"என்ன மை?"

"கண்ணிமைக்குப் பூசற மை. கடையில டெஸ்டர் இருந்துச்சு..."

மையோடு உண்மையும் வெளியே வந்தது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யாரோ ஒருத்தர் கண்ல சீழ் இருந்தா அது பிரஷ்ல ஒட்டும். பிரஷ் குப்பிக்குள்ள போகும். அந்த ஈரத்துல கிருமி நல்லாப் பெருகும். அப்புறம் பூசறவங்களுக்கெல்லாம் அதுல பங்கு. உங்களுக்கு மீசையோட போச்சு. கண்ணுல பட்டிருந்தா என்ன ஆறது? களிம்பு தரேன். மீசையை எடுத்தாத்தான் மருந்து பிடிக்கும்."

மீசை போனது. வீட்டில் மனைவி நோகாமல் களிம்பு தடவிவிட்டாள்.

"எனக்கு வயசாயிடுச்சுன்னு நீயும் நினைச்சிடுவியோன்னுதான்..."

"அட, ஸ்கூல்ல நான் உங்களைப் பாத்தா சிரிச்சேன்? நீங்க தாத்தான்னா நான் யாருன்னு நினைச்சுச் சிரிச்சேன்."

அவர் களிம்பு டப்பாவை மூடி வைத்தார். அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"ஆமா, ஆபீஸ் வேலைன்னு சொல்லி என்கிட்ட உண்மையைக் கறந்தியே... உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"பின்னே? பூசறதுதான் பூசினீங்க, தண்ணியில கரையாத மஸ்காராவாப் பாத்துப் பூசக்கூடாதா? தினம் டீ டம்ளர்லேருந்து உங்க மீசையைத் தேய்ச்சுக் கழுவினது யாருன்னு நினைச்சீங்க?"